திருகாணியும் நவரசமும்

பியானோவின் 88 கட்டைகளில் எதைத் தொட்டாலும் அதற்கென்று முன்கூட்டியே சுருதி கூட்டி வைத்த ஸ்வரம் ஒன்றே எழும். வீணையைப் போலத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பதற்கோ, வயலினைப் போல விரலை நகர்த்தி ஸ்வரத்தை வளைப்பதற்கோ அதில் இடமில்லை. வாசிப்பவரின் விரலுக்கும் தந்திக்கும் நடுவே மரக்கோல்களும் கம்பளி போர்த்த சுத்தியலும் நின்றுவிடுவதால், ஆயுள் முழுவதும் பியானோ வாசித்தும் அதன் தந்தியை ஒருநாளும் தொட்டறியாத மகாவித்வான்கள் ஐரோப்பாவில் பலர் வாழ்ந்து மறைந்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் கிறிஸ்தோஃபோரி இந்த வாத்தியத்தை உருவாக்கிய பிறகு இருநூறு ஆண்டுக் காலம் சங்கீதம் முழுவதும் கட்டைகளின் மேலேயே நடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் சிலர் அந்தப் பெட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார்கள். அவர்களுள் முதன்மையான இருவருமே, பிரக்ஞை என்பது என்ன, மனத்தின் எல்லை எது என்னும் கேள்விகளால் ஆட்கொள்ளப்பட்டவர்கள். அக்கேள்விகளுக்கு விடை தேடிக் கீழ்த்திசை நோக்கித் திரும்பியவர்கள். இதைத் தற்செயல் என்று கருத எனக்கு மனம் வரவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பமொன்றில் தோன்றிய ஒரு பேரறிஞரின் எழுத்து இந்தச் சரித்திரத்தின் நடுநாயகமாக நிற்கிறது என்பதும், நம்மவர்களுள் அதை அறிந்தவர் சிலரே என்பதும், இதனை விரிவாகச் சொல்ல என்னைத் தூண்டுகின்றன.

அந்த இருவருக்கும் முன்னோடி என்று சொல்லத்தக்கவர் ரஷ்யரான அலெக்ஸாண்டர் ஸ்க்ரியாபின். 1872-ல் மாஸ்கோவில் பிறந்து, ஷோபனின் சாயலில் நளினமான பியானோ உருப்படிகள் எழுதிப் பெயர் பெற்றிருந்த அவர், 1905-ஆம் ஆண்டையொட்டி பிளாவட்ஸ்கி அம்மையாரின் பிரம்மஞான நூல்களைப் படித்தது முதல் வேறொரு மனிதராகவே ஆகிவிட்டார். சகல பிரபஞ்சமும் ஒரே சைதன்யத்தின் விரிவு, மனிதனின் பிரக்ஞை படிப்படியாக உயர்ந்து மீண்டும் அதிலேயே ஒடுங்கும் என்று, சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட சபை உலகெங்கும் பரப்பிய கொள்கையை அவர் வெறும் கருத்தாகக் கொள்ளவில்லை. காதால் கேட்கக்கூடிய ஒன்றாகவே நம்பினார். இமயமலை அடிவாரத்தில் ஏழு நாள் நடக்கவேண்டிய ‘மிஸ்டீரியம்’ என்னும் மகாயாகத்தை அவர் கற்பனை செய்தார். நாதமும் நாட்டியமும் நறுமணமும் வர்ணஜாலமும் கலந்த அந்த வேள்வியின் முடிவில் மனிதகுலமே பேரானந்தத்தில் கரைந்து புதிய நிலையை எய்தும் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. உதட்டில் தோன்றிய ஒரு கொப்புளம் இரத்தத்தை நஞ்சாக்க, 1915 ஏப்ரலில் தம் 43-ஆம் வயதில் அவர் மாண்டபோது, அந்த யாகத்துக்கு முன்னுரையாக எழுதத் தொடங்கிய பகுதியின் குறிப்புகள்தாம் எஞ்சின. அவர் அமைத்த புதுமையான ஸ்வரக்கூட்டுகளும், 1914-ல் பியானோவுக்கென எழுதிய ‘வெர் லா ஃப்லாம்’ என்னும் உருப்படியில் அடிஸ்தாயியில் முணுமுணுப்பாகத் தொடங்கிச் சிறிது சிறிதாகப் பற்றியெரியும் அந்த வேகமும் எவரையும் உலுக்கவல்லவை. ஆயினும் அவர் வாசித்த பியானோ அவருடைய பாட்டனார் காலத்துப் பியானோவேதான். தத்துவம் அவர் கற்பனைக்குச் சிறகு கொடுத்தது. வாத்தியம் இருந்தபடியே இருந்தது.

வாத்தியத்தின்மீது கை வைத்த முதல்வர் ஹென்றி கவல். 1897-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த அவர், இளமையில் ஹால்சியன் என்னும் ஊரிலிருந்த பிரம்மஞான சமூகத்தோடு நெருங்கிப் பழகி, அங்கிருந்த அயர்லாந்துக் கவிஞர் ஜான் வேரியன் சொன்ன சிருஷ்டிக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். உலகம் உருவாகுமுன் அலைந்த ஆதிப் பேரலைகளை ஒலிக்கச் செய்ய ஒற்றை விரலால் தொடும் ஸ்வரங்கள் போதா என்று கண்டு, உள்ளங்கையாலும் முழங்கை வரையுள்ள கையாலும் கட்டைகளைக் கூட்டமாக அமுக்கி வாசிக்க அவர் எழுதினார். 1925-ல் எழுதிய ‘பான்ஷீ’ என்னும் உருப்படியிலோ வித்வான் ஆசனத்தில் அமர்வதே கிடையாது. மற்றொருவர் அமர்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருக்க, வாசிப்பவர் பியானோவின் வளைவருகே நின்று, உள்ளே குனிந்து, தடித்த தந்திகளை நீளவாக்கில் நகத்தாலும் விரல்நுனியாலும் உரசுகிறார். மரணத்தை முன்னறிவிக்கும் ஆவியின் ஓலம் பெட்டிக்குள்ளிருந்து புறப்படுகிறது. இந்தக் கவல் 1931-ல் பெர்லினுக்குச் சென்றபோது கர்நாடக சங்கீத சாஸ்திரத்தை யாரிடம் பயின்றார் தெரியுமா? நம் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தியிடம். பிற்காலத்தில் ‘மெட்ராஸ்’ என்னும் பெயரிலேயே அவர் ஒரு சிம்பொனி எழுதியதும், 1959-ல் அது சென்னையிலேயே அரங்கேறியதும், அந்தத் தொடர்பின் விளைவுகள்.

கவலிடம் பாடம் கேட்ட மாணவர்களுள் ஒருவர் ஜான் கேஜ். 1912-ல் லாஸ் ஏஞ்சலிஸில், புதுப்புனைவுகளிலேயே ஈடுபட்டிருந்த ஒரு தந்தைக்கு மகனாகப் பிறந்த கேஜ், பின்னர் இசையமைப்பாளர் ஷேன்பர்க்கிடமும் பயின்றார். ஸ்வரக்கூட்டு இலக்கணத்தில் உனக்குச் செவியுணர்வு இல்லை, ஒருநாள் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பாய் என்று அந்த ஆசான் எச்சரித்தபோது, அந்தச் சுவரிலேயே தலையை மோதிக்கொண்டு ஆயுளைக் கழிப்பேன் என்று சிஷ்யர் பதில் சொன்னதாக வரலாறு. 1940-ல் ஸியாட்டில் நகரத்துக் கார்னிஷ் பள்ளியில் நாட்டிய வகுப்புகளுக்குப் பின்னணி வாசித்துக்கொண்டிருந்தார். ஸிவில்லா ஃபோர்ட் என்னும் கறுப்பின நர்த்தகியின் ஆட்டத்துக்கு ஆப்பிரிக்க வண்ணத்தில் இசை வேண்டியிருந்தது. தாளவாத்தியக் குழுவை நிறுத்தலாமென்றால் மேடையோரத்தில் இடமில்லை; இருந்ததெல்லாம் ஒரு பியானோ. பல நாள் கட்டைகளோடு போராடியபின், குற்றம் தம்மிடம் இல்லை, பியானோவிடம்தான் என்ற முடிவுக்கு வந்தார். சமையலறையிலிருந்து ஒரு தட்டை எடுத்துவந்து தந்திகளின்மேல் வைத்தார். ஒலி மாறியது, ஆனால் தட்டு அதிர்ந்து துள்ளியது. ஆணியைச் செருகினார், அது நழுவி உள்ளே விழுந்தது. திருகாணியைச் செருகினார், அதன் புரி இரு பக்கத்துத் தந்திகளையும் கவ்விக்கொண்டு அசையாமல் நின்றது. ‘பாக்கனால்’ என்னும் அந்த நாட்டிய இசையோடு, உலகம் இன்று பதப்படுத்திய பியானோ என்று அறியும் வாத்தியம் பிறந்தது.

பிறந்தபோது அது ஒரு சௌகரியம் மட்டுமே. தத்துவம் எதுவும் அதில் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லவேண்டும். தத்துவம் துக்கத்தின் வழியாக வந்து சேர்ந்தது. கேஜின் மண வாழ்க்கை குலைந்துகொண்டிருந்த நாட்களில், 1944-ல், தம் உள்ளத்தின் தனிமையையும் அச்சத்தையும் முழுவதும் கொட்டி ‘பெரிலஸ் நைட்’ என்னும் உருப்படியை அவர் எழுதினார். மாதாகோயில் மணிக்கூண்டில் மரங்கொத்தி கொத்துவதாக ஒரு விமர்சகர் அதைப்பற்றி எழுதிவிட்டார். தன் வேதனையைச் சொல்லக் கலைஞன் இசையமைக்கிறான், கேட்பவன் அந்த வேதனையை உணர்கிறான் என்னும் கோட்பாடு அன்றோடு அவருக்குப் பொய்யாகிப்போயிற்று. சோகமாக எழுதினால் ஜனங்கள் சிரிக்கிறார்கள் என்றால் சங்கீதம் எதற்கு? இதைவிட மேலான காரணம் ஒன்று கிடைக்காவிட்டால் இத்தொழிலையே விட்டுவிடுவது என்று அவர் உறுதி பூண்டார்.

1946-ல் ஆமதாபாத்திலிருந்து நியூயார்க்குக்கு ஓர் இளம்பெண் வந்தார். ஆலை அதிபர் அம்பாலால் சாராபாயின் மகளும், பின்னாளில் நம் விண்வெளி ஆராய்ச்சிக்கு வித்திட்ட விக்ரம் சாராபாயின் சகோதரியுமான கீதா சாராபாய் அவர். மேல்நாட்டு சங்கீதம் இந்திய சங்கீதத்தின்மீது படரவிடும் நிழலைக் கண்டு கவலையுற்று, அந்த மேல்நாட்டு சங்கீதத்தை அதன் பிறப்பிடத்திலேயே கற்றுத் தெளிவோம் என்று வந்தவர். கேஜ் அவருக்கு எதிர்ஸ்வர இலக்கணம் சொல்லிக்கொடுத்தார், கட்டணம் வாங்கவில்லை, பதிலுக்கு இந்திய சங்கீதத்தைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். ஒருநாள், உங்கள் நாட்டில் சங்கீதத்தின் பிரயோஜனம் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டார். மனத்தைத் தெளிவித்து அமைதியுறச் செய்து, தெய்விக சக்திகள் அதனுள் புகுவதற்குத் தக்க பாத்திரமாக்குவதே என்று தம் குரு சொன்னதைக் கீதா திருப்பிச் சொன்னார். கேஜுக்கு அது மின்னல் வெட்டியதுபோல் இருந்திருக்கவேண்டும். சில காலத்துக்குள் அவருடைய நண்பர் லூ ஹாரிஸன், 17-ஆம் நூற்றாண்டு ஆங்கில சங்கீத வித்வான் தாமஸ் மேஸின் எழுத்தில் இதே கருத்தைக் கண்டெடுத்துக் காட்டியபோது, கீழ்த்திசையும் மேல்திசையும் ஒரு காலத்தில் ஒப்புக்கொண்டிருந்த, ஐரோப்பா பிறகு மறந்துவிட்ட உண்மை இது என்று அவர் தெளிந்தார். கீதா ஊர் திரும்பும்போது ராமகிருஷ்ண பரமஹம்ஸரின் உபதேச மொழிகளைக் கொண்ட நூலைக் கேஜின் கையில் கொடுத்துச் சென்றார்; அதை அவர் முழுவதும் படித்து முடித்தார்.

ஆனால், மனம் அமைதியுறவேண்டும் என்று ஒருவர் சொல்வதால் மட்டும் இசையமைப்பாளன் காகிதத்தில் எதை எழுதுவது என்பது தெரிந்துவிடாது. அதைத் தெரிவித்தவர் ஆனந்த குமாரசுவாமி. புராணக் கதைகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜோசஃப் கேம்பெல் கேஜின் நண்பர். குமாரசுவாமியின் நூல்களைக் கேஜுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. சர் முத்து குமாரசுவாமிக்கும் ஓர் ஆங்கில மாதுக்கும் 1877-ல் கொழும்பில் பிறந்து, இரண்டு வயதில் தந்தையை இழந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, மண்ணியல் விஞ்ஞானியாக இலங்கைக்குத் திரும்பிவந்த இடத்தில் அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டு மனம் மாறிக் கலைக்கு அடிமையான அந்த மகான், 1917 முதல் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் அமர்ந்துகொண்டு, இந்தியக் கலையின் உட்பொருளை மேல்நாட்டாருக்கு அவர்களுடைய ஞானிகளையே சாட்சியாக வைத்து விளக்கிவந்தார். சிவ நடனத்தைப் பற்றிய நூலிலும், கலையில் இயற்கை பெறும் மாற்றத்தைப் பற்றி 1934-ல் வெளியிட்ட நூலிலும் அவர் எடுத்துரைத்த இரண்டு கருத்துகள் கேஜைப் பிடித்துக்கொண்டன. இயற்கையின் தோற்றத்தைப் பார்த்து வரைவது கலையன்று, இயற்கை இயங்கும் முறையைப் பின்பற்றுவதே கலை என்பது ஒன்று. மற்றொன்று ரச சித்தாந்தம்.

ரசம் என்பது ரசிகனின் பிரக்ஞையைப் பற்றிய சாஸ்திரம். வாழ்க்கையில் ஒருவனுக்கு வரும் சோகம் அவனுடைய சோகம். நாடகத்தில் காணும் சோகம் யாருக்கும் சொந்தமில்லாத சோகம். ‘நான்’, ‘எனது’ என்னும் திரை விலகிய சித்தம் அதைச் சுவைக்கிறபோது கிடைப்பது ஆனந்தமே. அந்தச் சுவை பிரம்மாநுபவத்தோடு உடன்பிறந்தது என்று விசுவநாதர் ‘சாகித்ய தர்ப்பண’த்தில் கூறியிருப்பதைக் குமாரசுவாமி மீண்டும் மீண்டும் வற்புறுத்துவார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த எட்டையும் அறிந்த தமிழனுக்கு இவை புதியவை அல்ல. நியூயார்க்கில் சொந்தத் துக்கத்தை விற்க முயன்று தோற்றுப்போன ஒருவருக்கோ இது விடுதலையாகவே வந்தது. வெள்ளையான நான்கு, கருமையான நான்கு என எட்டு பாவங்கள், அவை யாவும் நாடிச் செல்லும் ஒன்பதாவதான சாந்தம்: இதுவே தம் அடுத்த பெரும் படைப்பின் பொருள் என்று அவர் தீர்மானித்தார்.

1946 பிப்ரவரியில் தொடங்கி 1948 மார்ச்சில் முடிந்த ‘ஸோனாட்டாக்களும் இடையிசைகளும்’ என்னும் அப்படைப்பில் 16 ஸோனாட்டாக்களும் நான்கு இடையிசைகளும் உள்ளன. முழுவதும் வாசிக்க ஏறக்குறைய எழுபது நிமிஷம் ஆகும். கச்சேரிக்கு முன் பியானோவைப் பதப்படுத்துவதற்கே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும். ஸ்வரப்பிரதியின் தொடக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது: எந்த ஸ்வரத்துக்குரிய தந்திகளில், எந்த இரண்டு தந்திகளுக்கிடையே, ஒலியடக்கும் கட்டையிலிருந்து எத்தனை அங்குலத் தொலைவில், எதைச் செருகுவது என்று அதில் குறித்திருக்கிறார். திருகாணிகள், போல்ட்டுகள், நட்டுகள், ரப்பர் துண்டுகள், பிளாஸ்டிக் துண்டுகள், பென்ஸில் எழுத்தை அழிக்கும் ரப்பர் ஒன்று. இப்படி 45 ஸ்வரங்கள் உருமாறுகின்றன. பியானோவில் மேல்ஸ்தாயி ஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று தந்திகள் உண்டு. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே திருகாணி நின்றால், கட்டையை அமுக்கும்போது திருகாணி பட்ட தந்திகளின் ஒலியும், எதுவும் படாத முதல் தந்தியின் இயல்பான நாதமும் சேர்ந்து எழும். இடது பெடலை மிதித்தாலோ சுத்தியல் சற்று வலப்புறம் நகர்ந்து முதல் தந்தியை விட்டுவிடுவதால், உருமாறிய ஒலி மட்டுமே கேட்கும். ஒரே கட்டை, ஒரே திருகாணி, இரண்டு ஒலிகள். கடத்தின் கழுத்தில் விரல் பட்டது போல ஒன்று, ஜலதரங்கக் கிண்ணத்தைத் தொட்டது போல ஒன்று என்று, கட்டைக்குக் கட்டை வேறு வேறு வாத்தியங்கள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து பேசுகின்றன. பியானோவில் பழக்கப்பட்ட கைகளுக்கு எந்தக் கட்டையிலிருந்து எந்த ஒலி வரும் என்ற உறுதி போய்விடுவதால், வாசிப்பவரும் ஒவ்வொரு ஒலியையும் புதிதாகக் கேட்டே மேலே செல்லவேண்டியிருக்கிறது. பட்டியலை அணுவளவும் பிசகாமல் பின்பற்றினாலும் வேறொரு பியானோவில் தந்தியின் நீளம் வேறாக இருப்பதால் ஒலி அப்படியே அமைவதில்லை. முதலில் இதனால் சங்கடப்பட்ட கேஜ், பிறகு அதையே ஏற்றுக்கொள்ளப் பழகினார்.

இனி இதன் காலக்கணக்கு. நாதத்துக்கும் மௌனத்துக்கும் பொதுவாக உள்ள குணம் கால அளவு ஒன்றே. ஆகவே சங்கீதத்தின் எலும்புக்கூடு காலத்தால் அமையவேண்டும் என்பது கேஜின் துணிபு. நான்காவது ஸோனாட்டாவை எடுத்துக்கொள்வோம். பத்து அளவுகள் கொண்ட பத்துக் கூறுகள், ஆக நூறு அளவுகள். அக்கூறுகள் 3, 3, 2, 2 என்று பிரிகின்றன. அதாவது முதற்பகுதி முப்பது அளவு, அதுவே திரும்ப ஒருமுறை, இரண்டாம் பகுதி இருபது அளவு, அதுவும் திரும்ப ஒருமுறை. முழுமையின் அளவே அவயவத்திலும் பிரதிபலிக்கும்படியான இக்கணக்கை, கோர்வைகளில் ஊறிய நம் மிருதங்க வித்வான்கள் கண்டமாத்திரத்தில் ரசிப்பார்கள். ஆயினும் இது நம்மிடமிருந்து சென்றதன்று. கீதாவைச் சந்திப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே தாளவாத்தியக் குழுக்களுக்கு எழுதும்போது அவர் கண்டுபிடித்த முறை. எந்த ஸோனாட்டா எந்த ரசம் என்று அவர் சொல்லவும் இல்லை. அந்த அடக்கத்தை நான் போற்றுகிறேன். பெயர் சூட்டியிருந்தால் நாம் இசையைக் கேளாமல் பெயரையே கேட்டிருப்போம். கேட்பவருக்குப் புலப்படுவது இதுதான்: கோபம் வருகிறது, உச்சத்தை நோக்கி ஏறாமல் போய்விடுகிறது, வியப்பு வருகிறது, அதுவும் போய்விடுகிறது, வரவர இடைவெளிகள் அகன்று, கடைசி ஸோனாட்டாக்களில் சலனம் அடங்குகிறது. மனோதத்துவ அறிஞர் யுங்கின் நூல்களையும் படித்து, பிளவுபட்ட மனத்தின் வெளிப்பட்ட பாதியையும் மறைந்த பாதியையும் சங்கீதம் ஒன்றுசேர்க்கும் என்று 1948-ல் அவர் பேசியிருக்கிறார். இந்தப் படைப்பை அந்த எண்ணத்தின் செயல்வடிவமென்று கொள்வதில் தவறில்லை. மாரோ அஜெமியன் என்னும் பெண்மணி 1949 ஜனவரியில் நியூயார்க்கின் கார்னகி சிற்றரங்கில் இதை முழுமையாக வாசித்தார். சில ஆண்டுகளுக்கு முன் எள்ளி நகையாடப்பட்டவருக்கு அவ்வாண்டிலேயே இரண்டு பெரிய பரிசுகள் கிடைத்தன.

அதற்கப்பால் கேஜ் சென்ற பாதை வேறு. ஜப்பானிய அறிஞர் ஸுஸுகியின் ஜென் போதனைகளைக் கேட்டார். இளம் மாணவர் கிறிஸ்டியன் உல்ஃப் கொண்டுவந்து கொடுத்த ‘ஈ சிங்’ என்னும் சீன நூலின் 64 குறிகளைக் கொண்டு, மூன்று காசுகளை ஆறு ஆறு முறை சுண்டிப் போட்டு, எந்த ஒலி, எவ்வளவு நேரம், எவ்வளவு உரக்க என்பதையெல்லாம் காசுகளே முடிவுசெய்யும்படி 1951-ல் ‘மியூஸிக் ஆஃப் சேஞ்சஸ்’ என்னும் பியானோ உருப்படியை எழுதினார். ஹார்வர்டில் எதிரொலியே இல்லாத அறைக்குள் சென்று, அங்கும் தம் உடம்பின் ஒலிகளைக் கேட்டு, மௌனம் என்று ஒன்று இல்லை என்று முடிவுசெய்தார். 1952 ஆகஸ்ட் 29 அன்று வுட்ஸ்டாக்கில், காட்டின் நடுவே இருந்த அரங்கில், பியானோ வித்வான் டேவிட் டியூடர் பியானோவின் முன் அமர்ந்து, கட்டைகளின் மூடியைச் சாத்தி, 4 நிமிஷம் 33 வினாடி ஒரு ஸ்வரமும் வாசியாமல் எழுந்தது உலகம் அறிந்த செய்தி. இயற்கை இயங்கும் முறை என்று குமாரசுவாமி சொன்னதை, காற்றும் மழையும் தற்செயலாக நிகழும் முறை என்று கேஜ் கொண்டுவிட்டார். குமாரசுவாமி கருதியதோ சிருஷ்டிக்கு மூலமான அறிவின் முறையை. சிற்பி முதலில் தியானத்தில் உருவத்தைக் கண்டு பிறகு உளியை எடுப்பதை. மாணவர் ஆசானை விட்டு விலகிய இடம் இது. காசு சுண்டி எழுதிய பிற்காலப் படைப்புகளின் துணிவை நான் மதிக்கிறேன். எனினும் மனிதன் தன் சித்தத்தையும் கையையும் ஒருசேரச் செலுத்தி, ஒவ்வொரு திருகாணியையும் காதால் சோதித்து இடம்குறித்து அமைத்த அந்த ஸோனாட்டாக்களே, பிரக்ஞையைப் பற்றிய சிந்தனை பியானோவுக்குள் புகுந்து சாதித்தவற்றில் தலைசிறந்தது என்பது என் முடிபு. ஸ்க்ரியாபினின் யாகம் இமயத்தடியில் நடக்கவே இல்லை. கேஜின் சிறு பெட்டியில் ஒன்பதாவது ரசம் கேட்கத்தான் செய்கிறது.

ஆனந்த குமாரசுவாமியைப் பற்றித் தமிழில் எழுதுவோர் நடராஜ தத்துவத்தோடும் சிங்களக் கைவினையோடும் நின்றுவிடாமல், அவருடைய எழுத்திலிருந்து பிறந்த இந்தச் சங்கீதத்துக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கவேண்டும். வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: ஒலித்தட்டோ ஒலிப்பதிவோ எது கிடைத்தாலும், துண்டு துண்டாகக் கேளாமல், எழுபது நிமிஷத்தையும் ஒரே அமர்வில் கேளுங்கள்.